காத்து திரும்பிருச்சு என்று சொன்னது யார்?

இரண்டு வருடங்களுக்கு முந்திய கார்த்திகை மாதம். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை தாண்டி மேலே போகும் மலைப்பக்கத்தில், மைக்கா தோண்டிவிட்டுக் கைவிட்ட ஒரு பழைய சுரங்கம் இருக்கிறது. அதற்குள் என் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதில் பாதிக்கு என்னிடம் விளக்கம் இருக்கிறது, சமன்பாடு கூட இருக்கிறது. மற்றப் பாதியை இதுவரை எங்கேயும் எழுதவில்லை. எழுத இடமில்லாத விஷயம் அது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு உக்குவளையில் வீடு. அப்போது பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலில் ஆய்வுப் பட்டத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தேன். பரிசோதனைப் பிரிவு. அதாவது அளக்கிற கூட்டம்.

பௌதிகத்தில் இரண்டு சாதி இருப்பது வெளியே பலருக்குத் தெரியாது. கணக்குப் போட்டு, உலகம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் ஒரு சாதி. அது அப்படித்தான் இருக்கிறதா என்று வயரும் ஸ்பேனருமாகப் போய்ப் பார்க்கிறவர்கள் இன்னொரு சாதி. எங்கள் துறையில் முதல் சாதிக்கு மேல்மாடி, ஜன்னலுக்கு வெளியே பெரிய மாமரம். எங்களுக்குக் கீழே, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும் அறை. தேநீர் நேரத்தில் கூட அவர்கள் ஒரு மேசை, நாங்கள் ஒரு மேசை. அவர்கள் எங்களை மெக்கானிக்மார் என்பார்கள். நாங்கள் மட்டும் சும்மா இருப்போமா? பியூஸ் போனால் பிரபஞ்சமே முடிந்துவிட்டது என்று இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் என்போம். வெளியில் பார்த்தால் பகிடி. உள்ளே கொஞ்சம் எரிச்சலும் உண்டு. ஒரு கட்டுரை வெளிவந்தால் யார் பெயர் முன்னால், யார் பெயர் பின்னால் என்ற இடத்தில் அந்த எரிச்சல் தெரியும்.

என் ஆய்வு அந்தச் சுரங்கத்தைப் பற்றியது. பாறைக்குள்ளிருந்து ரேடான் என்று ஒரு வாயு மெல்லக் கசியும். நிறமில்லை, மணமில்லை, கருவி வைத்தால்தான் தெரியும். அது சுரங்கத்துக்குள் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று அளப்பதுதான் என் வேலை. சுரங்கத்தின் கடைசியில் ஒரு பெட்டிக்குள் கருவியை வைத்து, கார் பேட்டரி ஒன்றில் ஓடவிட்டிருந்தேன். பேட்டரி இறங்கும் முன் போய் மாற்ற வேண்டும். அப்படிப் போய்ப் போய் அந்தச் சுரங்கம் எனக்கு வீட்டுப் பின்வாசல் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

என்னைச் சேர்த்துக்கொண்ட ஆய்வுகூடப் பேராசிரியர் இடையில் வெளிநாடு போய்விட்டார். அதனால் மேல்மாடியிலிருந்து ஒருவர் எனக்கு மேற்பார்வையாளராக வந்தார். நாங்கள் கூப்பிடுகிற மாதிரியே அவரை சேர் என்று எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா மாத்தளைக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்ததால் இவர் மாத்தளை டவுனிலேயே வளர்ந்தவர். பேச்சில் மட்டும் யாழ்ப்பாணம் அப்படியே இருக்கும். நல்ல மனிதர், யாரையும் திட்ட மாட்டார். ஆனால் யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பவும் மாட்டார். மழை பெய்கிறது என்று சொன்னால் எல்லோரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள், இவர் மட்டும் மழை பெய்ய வாய்ப்பிருக்கிறதா என்று கணக்குப் போடுவார் என்று நாங்கள் கீழ்மாடியில் சொல்லிச் சிரிப்போம்.

என் அளவீடுகளை வைத்து அவர் ஒரு கோட்பாடு கட்டினார். அழகான கோட்பாடு, அதை மறுக்க மாட்டேன். சுரங்கம் மூச்சு விடுகிறது என்பதுதான் அதன் சாரம். வாய் மலைச்சரிவில் உயரத்தில் இருக்கிறது, உள்ளே போகப் போக இறக்கம், அடியில் பாறை வெடிப்புகள் எங்கெங்கோ கீழே போகின்றன. பகலில் உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று கனத்தால் அந்த வெடிப்புகள் வழியே கீழே வடியும். அதற்குப் பதிலாக வாய் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். இரவில் இது தலைகீழாக நடக்கும். அடியிலிருந்து காற்று எழும்பி வாய் வழியே வெளியே வரும். சுருக்கமாக, பகலில் இழுக்கும், இரவில் விடும். ஆகவே பகலில் போனால் பயமில்லை, வெளிக்காற்று நம் பின்னாலேயே வரும்.

சமன்பாட்டில் கடைசியாக இன்னொரு உறுப்பும் இருந்தது. வெளியே வளிமண்டல அமுக்கம் குறைந்தால் மலைக்குள் அடைபட்டிருக்கும் காற்று வெளியே பிதுங்கும், அதற்கானது. சேர் அதை எழுதி, கீழே கோடிட்டு, மிகச் சிறியது, புறக்கணிக்கலாம் என்று எழுதி அடித்துவிட்டார். கோட்பாட்டுக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருந்தால் ஒரு கணக்கும் முடியாது. அன்றைக்கு எனக்கும் அது தவறாகப் படவில்லை.

ஆனால் ஒரு விஷயம் எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. சில நாட்களில் சுரங்கத்தின் கடைசிக்குப் போனால் காரணமில்லாமல் ஒரு பயம் வரும். இருட்டுப் பயம் இல்லை. இருட்டு எனக்குப் பழக்கம். யாரோ எனக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். திரும்பினால் ஒன்றும் இருக்காது, சுவரில் மைக்காத் துகள்கள்தான் டோர்ச் வெளிச்சத்தில் மினுங்கும். வெளிச்சத்தை அசைத்தால் அந்த மினுக்கமும் கூடவே நகரும். எத்தனையோ பேர் என் பக்கமாகக் கண்ணைத் திருப்புவது போலிருக்கும். இரண்டு மூன்று தடவை அப்படியானபின் சேரிடம் சொன்னேன். சில நாள் உள்ளே ஒரு மாதிரி இருக்கிறது, காற்றில் ஏதோ வித்தியாசம் இருக்குமோ என்று.

அவர் சிரித்தார். கேலியாக இல்லை, உண்மையான ஆர்வத்தோடுதான் கேட்டார்.

"ஒரு மாதிரி எண்டுறதுக்கு அலகு என்ன?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அலகில்லாத எதையும் நாங்கள் பேசக்கூடாது என்பது கீழ்மாடிக்கும் சட்டம்தானே. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மழை இறங்கினால் அந்த மலைப்பாதையில் மண் சரியும், பிறகு கிழமைக் கணக்கில் போக முடியாது. பேட்டரி இறங்கிவிட்டால் என் ஆய்வின் கடைசிப் பகுதி அப்படியே போய்விடும். உதவித்தொகைக் காலமும் முடிகிற நேரம். அதனால் மழைக்கு முன்பே போய் மாற்றிவிட வேண்டும் என்று நான்தான் அவசரப்பட்டேன்.

உள்ளே ஒருவர் போனால் வாசலில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. வழக்கமாகக் கூட வருகிற ஆய்வுகூடத் தோழிக்குக் காய்ச்சல். ஒட்சிசன் குறைந்தால் கத்தும் சின்னக் கருவி ஒன்று துறையில் இருந்தது, அதை வேறொரு குழுவினர் வெளியூர் வேலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கருவி வரும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் பகலில் போவதற்கு அது எதற்கு என்று சேரும் நினைத்தார், நானும் நினைத்தேன். பகலில் சுரங்கம் காற்றை இழுக்கும் என்று அவருடைய கோட்பாடு சொல்கிறது, அந்தக் கோட்பாடு என் அளவீடுகளோடு ஒத்துப்போகிறது. இரண்டு பேருக்கும் இதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும்? ஒரு தடவை நீங்களே வந்து பாருங்க சேர் என்று கேட்டேன். மூன்று வருடமாக அந்தச் சுரங்கத்தைப் பற்றி எழுதியவர் அதன் வாசலை ஒருநாளும் பார்த்ததில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

காலையில் வேனில் கிளம்பினோம். ரத்தோட்டை தாண்டி ஏறும்போது வழக்கமாக எதிரே மேகம் இறங்கி நிற்கும். அன்றைக்கு வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது, ஒரு இலை அசையவில்லை. மிளகுக் கொடி ஏறிய மரங்களில் ஒரு குருவிச் சத்தம் கூட இல்லை. சிங்களவரான டிரைவர் வேனை நிறுத்திவிட்டு, காது அடைக்கிறது என்று சொல்லிக் காதைக் குடைந்துகொண்டே இருந்தார். மலை ஏறினால் அப்படித்தான் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். தினமும் ஏறுகிறேன் மிஸ், இன்றைக்கு மட்டும் ஒரு மாதிரி என்றார். சேர் அதைக் கேட்டும் கேட்காதவர் போல் செருப்பில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வேன் நிற்கும் இடத்திலிருந்து சுரங்க வாசலுக்கு ஒரு ஏற்றம். டிரைவர் வேனிலேயே படுத்துக்கொண்டார். சேரும் நானும் ஏறினோம், பேட்டரியை நான் சுமந்தேன். மேல்மாடிக்காரர் பாதி வழியில் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

வாசலில் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் போட்ட இரும்புக் கதவு. அதன் மேல் கம்பியில் கடையில் சாமான் போட்டுத் தரும் சிலிசிலி பை ஒன்றைக் கிழித்து நான் ஒரு ரிப்பன் போலக் கட்டியிருந்தேன், காற்று உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று பார்க்க. நாங்கள் போனபோது அது உள்பக்கமாக மெல்ல ஆடியது. சேர் அதைப் பார்த்து, தன் கணக்கைச் சரிபார்க்க சிலிசிலி பை போதும் என்று முன்பே தெரிந்திருந்தால் இவ்வளவு சமன்பாடு எழுதியிருக்க மாட்டேன் என்றார். முதல் தடவையாக அவரோடு சேர்ந்து சிரித்தேன். பத்திரிகைக்கு அனுப்பவிருந்த கட்டுரையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். வாசலுக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து பென்சிலோடு திருத்தத் தொடங்கினார். நான் பேட்டரியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கொஞ்ச தூரத்தில் சுரங்கம் வளையும். வளைவு தாண்டினால் வெளிச்சம் கிடையாது. வழக்கமாகப் போகும்போது பின்கழுத்தில் குளிர்ந்த காற்று பட்டுக்கொண்டே வரும். வளைவு தாண்டும் வரை அன்றைக்கும் பட்டது. பெட்டியருகே போய்க் குந்தியபோது அது நின்றுவிட்டது. நான் கவனித்தேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் நட்டைத் திருக வேண்டும். அதனால் எப்போதும் செய்வது போலச் சின்ன டோர்ச்சைப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

முதல் நட்டைக் கழற்றினேன். அப்போது என் முகத்தில் காற்றுப் பட்டது.

பின்னாலிருந்து இல்லை. முன்னாலிருந்து, பாறைச் சுவரிலிருந்து. பெட்டிக்குப் பின்னால் இருந்த வெடிப்பிலிருந்து. வெதுவெதுப்பாக, ஈரமாக, மிக மெல்ல. எதிரில் ஒருவர் முகத்தோடு முகம் வைத்து நின்று மூச்சு விட்டால் எப்படி இருக்குமோ அப்படி. என் உடம்பு முழுக்க மயிர் நட்டுக்கொண்டது. யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்ற எண்ணம் உடனே வந்தது. இந்த முறை எண்ணம் என்று சொல்ல முடியாது, நிச்சயமாகத் தெரிந்தது. நின்ற உயரம் தெரிந்தது. என்னைவிடக் கொஞ்சம் குள்ளம். அவசரமில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

நான் திரும்பவில்லை. திரும்பினால் எனக்கே வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். அலகு என்ன, அலகு என்ன என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இரண்டாவது நட்டைத் திருகினேன். ஸ்பேனர் வழுக்கியது. திரும்பவும் வைத்தேன், திரும்பவும் வழுக்கியது. மூச்சு வாங்கியது, ஓடிவந்தவளைப் போல. நெற்றிப்பொட்டில் இடித்தது. பயந்தால் இப்படி ஆகும் என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். எல்லாவற்றையும் பயத்தின் கணக்கில் எழுதிவிட்டு வேலையைப் பார்த்தேன். இன்று நினைத்தாலும் எனக்கு உதறல் எடுப்பது இந்த இடத்தில்தான். உடம்பு என்னிடம் சரியான அளவீட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தது, நான் அதைப் பிழை என்று ஒதுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பயம் கூடக் குறைந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து ஒரு நிமிடம் உட்காரலாம் என்று தோன்றியது. பின்னால் நின்றது கூட உட்காரச் சொல்வது போலத்தான் இருந்தது.

அப்போது காலடிச் சத்தம் கேட்டது. விழுந்து எழும்பி ஓடிவரும் சத்தம். அதுவும் என் கற்பனை என்றுதான் நினைத்தேன், தோளை ஒரு கை பிடிக்கும் வரை. சேர். கையில் போன் வெளிச்சம், ஒரு காலில் செருப்பில்லை, முழங்கால் உரசிக் கிழிந்திருந்தது.

"வெளியில வாரும். என்ர கணக்குப் பிழை. உடன வாரும்."

எனக்குச் சரியாக விளங்கவில்லை. இன்னும் ஒரு நட்தான் இருக்கிறது என்று கையால் காட்டினேன். அவர் என் வாயிலிருந்த டோர்ச்சைப் பிடுங்கினார், கையைப் பிடித்துத் தூக்கினார், என்னை முன்னால் தள்ளிக்கொண்டே நடந்தார். வளைவில் வெளிச்சத்தைப் பார்த்தபோது அழுகை வந்தது. என்னை முன்னால் விட்டு வந்தவர் வழியில் இரண்டு தடவை தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். ஏன் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

வெளியே வந்து புல்லில் விழுந்தேன். வாந்தி எடுத்தேன். தலை வெடிப்பது போலிருந்தது. அண்ணாந்து பார்த்தால் கம்பியில் கட்டிய ரிப்பன் எங்கள் பக்கமாக விறைத்துப் பறந்துகொண்டிருந்தது. வெயில் அப்படியே இருந்தது, மரங்கள் அசையவில்லை, சுரங்கத்தின் வாயிலிருந்து மட்டும் காற்று வந்துகொண்டிருந்தது. வாசலில் இருந்த சிறகு இலைப் பன்னச் செடிகள் எல்லாம் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. கட்டுரைத் தாள்கள் சரிவெங்கும் கிடந்தன. சேர் அவற்றைப் பொறுக்கவில்லை.

நடந்தது என்ன என்பது இப்போது எங்களுக்குத் தெரியும். தாழமுக்கம் நெருங்க நெருங்க வளிமண்டல அமுக்கம் விழுந்துகொண்டே வந்திருக்கிறது, டிரைவரின் காது சொன்னதும் அதைத்தானோ என்னவோ. சேர் அடித்துவிட்ட அந்தச் சின்ன உறுப்பு அன்றைக்கு மற்றெல்லா உறுப்புகளையும் விழுங்கிவிட்டது. பட்டப்பகலில் மலை மூச்சை வெளியே விட்டது. அடி ஆழத்து வெடிப்புகளில் தேங்கியிருந்த காபனீரொட்சைட்டு, அதாவது நாம் மூச்சாக வெளியே விடுகிற அதே வாயு, என் முகத்தில் வந்து அடித்திருக்கிறது. அது கூடினால் மனிதனுக்குக் காரணமில்லாத பயம் வரும், பிறகு மயக்கம் வரும், பிறகு எழும்ப மாட்டோம். பின்னொரு தாழமுக்க நாளில் அந்த ஒட்சிசன் கருவியை எடுத்துப்போய் வாசல் கதவருகே நீட்டிப் பார்த்தோம். அங்கேயே கத்தத் தொடங்கிவிட்டது.

பாதிக்கு விளக்கம் இருக்கிறது என்றேனே, அது இவ்வளவுதான்.

அன்றைக்கு இறங்கி வரும் வழியில் ஒரு கடையில் வேனை நிறுத்தினார்கள். எனக்குச் சீனி கூடப் போட்ட பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார் சேர். நான் நன்றி சொன்னேன். எப்படிச் சேர் அவ்வளவு சரியாக ரிப்பனைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். கட்டுரை திருத்தத் தொடங்கினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிர மாட்டாரே. அவர் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார்.

"நீர்தானே சொன்னனீர், 'சேர், காத்து திரும்பிருச்சு' எண்டு."

நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். உள்ளேயிருந்து தெளிவாகக் கேட்டதாம், என் குரலாம், நான் பேசுகிற மாதிரியேயாம். அவர் காத்து திரும்பிட்டுது என்றுதான் சொல்வார், திரும்பிருச்சு என்று அவர் வாயில் வராது. சத்தமாக இல்லை, பதற்றமாகவும் இல்லை, பக்கத்து அறையிலிருந்து சொல்வது போல இருந்ததாம். கேட்டதும் நிமிர்ந்து ரிப்பனைப் பார்த்தார், அது வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. கோட்பாடு சொன்னதற்கு நேர் எதிர். அப்படியென்றால் உள்ளே நல்ல காற்று இல்லை என்று எழும்பி ஓடிவந்திருக்கிறார்.

ஒருவேளை மயக்கத்தில் எனக்குத் தெரியாமல் சொல்லியிருப்பேன் என்றேன். எனக்கும் அது வசதியாக இருந்தது. அவரும் ஆமென்றார். பிறகு அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் சட்டைப் பையிலிருந்து என் டோர்ச்சை எடுத்தார். அதன் ரப்பரில் என் பற்கள் பதிந்திருந்தன. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"இதை வாயில கடிச்சுக்கொண்டு எப்பிடிக் கதைச்சனீர்?"

டோர்ச்சை வாங்கிக்கொண்டேன். கடைக்கு வெளியே அப்போதுதான் முதல் தூறல் விழுந்தது.

நான் பரிசோதனைக்காரி. சும்மா விட முடியுமா? மழையெல்லாம் ஓய்ந்து, அமுக்கம் ஏறி, ஒட்சிசன் கருவியும் கையில் இருந்த ஒரு நாளில் திரும்பவும் போனோம். இந்த முறை சேர் தானாகவே வந்தார். வாசலில் அதே கல்லில் அவர் உட்கார்ந்தார். நான் அதே இடத்தில் குந்தி, டோர்ச்சைக் கடித்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். எச்சில்தான் வழிந்தது. பிறகு டோர்ச்சை எடுத்துவிட்டுச் சொன்னேன். பிறகு கத்தினேன். தொண்டை கட்டும் வரை கத்தினேன். வெளியே வந்து கேட்டால், ஏதோ முனகல் மாதிரி ஒரு தடவை கேட்டது, சொல் ஒன்றும் விளங்கவில்லை என்றார். வளைவு குரலை விழுங்கிவிடுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு உள்ளே எனக்குத் துளிப் பயம் இல்லை. பின்னால் யாரும் நிற்கவில்லை. வெறும் சுரங்கம். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், ஆனால் ஏனோ வாசலுக்கு வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அப்புறம் என்ன? சேர் பழைய கட்டுரையைக் கிழித்துப் போட்டார். அடித்த உறுப்பைத் திரும்பவும் சேர்த்து மூன்று வருடக் கணக்கையும் முதலிலிருந்து போட்டார். புதுக் கட்டுரையில் என் பெயரை முன்னால் போட்டார். நான் வேண்டாமென்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் என் ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. பகலில் காற்றின் திசை மாறியது சுரங்க வாசலில் அவதானிக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த வரியில் விரலை வைத்து, முக்கியமான அவதானிப்பு, யார் முதலில் கண்டது என்று கேட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சேர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சேர்தான் பார்த்தாரு," என்றேன்.

பொய் இல்லை. பார்த்தவர் அவர்தான். தேர்வாளர் திருப்தியாகத் தலையாட்டி அடுத்த பக்கத்துக்குப் போனார். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆளுக்குக் கேட்டது, திரும்பச் செய்து பார்த்தால் வராதது எங்கள் தொழிலில் தரவு இல்லை. அந்தச் சட்டம் சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். வேறொருவர் இதை என்னிடம் வந்து சொன்னால் நானும் நம்ப மாட்டேன்.

ஆனால் ஒன்று மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. சேருக்கு அந்தக் குரல் கேட்டபோது அது பேயா, பிரமையா என்று அவர் யோசிக்கவில்லை. நான் சொல்கிறேன் என்று நினைத்தார், நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தார், கட்டிய கோட்பாட்டை அந்தக் கணமே போட்டுவிட்டு இருட்டுக்குள் ஓடிவந்தார். மூன்று வருடத்தில் என் வாய் வார்த்தையை எந்தக் கேள்வியும் கேட்காமல் அவர் நம்பியது அந்த ஒரே தடவைதான். அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லை என்பதை நினைக்கும்போது, இன்றும் என் முகத்தில் எங்கிருந்தோ வெதுவெதுப்பாக ஒரு காற்றுப் படுகிறது.